இறங்கி ஏறுற மேடு

அறிவரசனோட காருக்கு ரெண்டே சீட்டு. ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு அவன் பொண்டாட்டி ஜெயசித்ராவுக்கு. பின்சீட்டுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது. அந்த எடத்துல ஒரு தண்ணி பாட்டில் வெக்கலாம், ஒரு டிபன் பாக்ஸ் வெக்கலாம், அவ்வளவுதான். மஞ்சக் கலரு. தரைக்கும் காருக்கும் நடுவுல ஒரு சாண் எடங்கூட இருக்காது. பெங்களூர்ல ஒரு பல் டாக்டர் நாலு வருஷம் ஓட்டிட்டு அலுத்துப்போயி வித்த ஸ்போர்ட்ஸ் காரை, இவன் போயி என்னமோ சாமி செலை மாதிரி ஊருக்குக் கொண்டாந்தான்.

அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சிமெண்டு ஆலைக்கும் நடுவுல, பொழுதன்னிக்கும் டிப்பர் லாரி ஓடுற ரோட்டுல யாராச்சும் அப்படி ஒரு காரை வாங்குவானா? நாலு டிப்பர் வெச்சு சுரங்கத்துல லோடு அடிக்கிறவன், ரோடு என்ன லட்சணத்துல இருக்குன்னு ஊர்லயே நல்லாத் தெரிஞ்சவன், அவனே வாங்குனான். பேருலதான் அறிவு இருக்குன்னு டீக்கடையில சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு விட்டான்.

வாங்குனதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. அதையும் சொல்லிடணும், இல்லன்னா நமக்குப் பாவம். கல்யாணமாகி ஏழு வருஷம் புள்ளை இல்ல. திருச்சி, தஞ்சாவூருன்னு பாக்காத டாக்டர் இல்ல. ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல தொட்டில் கட்டுனாங்க, குலசாமிக்குக் கெடா வெட்டுனாங்க. கடைசியா ஒரு டாக்டர் ரிப்போர்ட்டை மடிச்சுக் கையில குடுத்து, "இனிமே கஷ்டந்தான், மனசைத் தேத்திக்கங்க"ன்னுட்டாரு. பத்து நாள் கழிச்சு அறிவரசன் இந்தக் காரோட வாசல்ல வந்து நின்னான். "நமக்கு ரெண்டு சீட்டு போதும் சித்ரா"ன்னான். அவ சிரிச்சுக்கிட்டே ஏறி உக்காந்தா. கதவைச் சாத்துனதும் அழுதா. அவனுந்தான் அழுதான்.

அது ஆடி மாசம். நம்ம பக்கம் ஆடியில யாரும் வண்டி வாகனம் வாங்க மாட்டாங்க. மாமியா செங்கமலம் பூலாம்பாடியிலேர்ந்து போன் போட்டு, "ஆடியில போயி யாராச்சும் வண்டி எடுப்பாங்களா மாப்ள"ன்னு கேட்டா. "ஆடியாவது ஆவணியாவது அத்தை, மனசு கேட்டுச்சு, எடுத்துட்டேன்"னான். இந்தப் பேச்சைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க.

அடுத்தது அந்த மேடு. அவன் வூட்லேர்ந்து மெயின் ரோட்டுக்குப் போற வழியில, ஒண்ணரை கிலோமீட்டர்ல அய்யம்பெருமாளோட டீக்கடை இருக்கு. கார் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, அந்தக் கடை வாசல்ல அவரு மக ஒரு கல் லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சு. அஞ்சாவது படிச்ச புள்ளை. ஸ்கூல் பை முதுகுலயே இருந்துச்சு. லாரி வெளியூரு லாரி. ஊரே ரோட்டுல உக்காந்துச்சு. வேகத்தடை போடறதுக்கு எழுதிக் குடுத்து, அது வர்ற வரைக்கும் பொறுக்கிற நெலமையில யாரும் இல்ல. அப்ப முன்னால வந்து நின்னவன் அறிவரசன்தான். "என் லாரியிலயே கிராவல் கொண்டாந்து கொட்டுறேண்ணே. என் லாரியே ஆனாலும் இந்த எடத்துல நின்னுதான் போகணும்"னான். சொன்ன மாதிரியே ஒரு டிப்பர் நெறையக் கொட்டி, தாரு ஊத்தி, ரோலரை வரவெச்சு அமுக்கி, அரை முழ ஒசரத்துக்கு மேடு போட்டான். அதுக்கப்புறம் அந்த எடத்துல ஒரு ஆட்டுக்குட்டிகூட அடிபடல. அதை நல்ல காரியம்னுதான் சொல்லணும்.

கார் வந்த அன்னைக்கே அந்த மேடு அதோட அடிவயித்தைக் கரகரன்னு ஒரசிப் பாத்துருச்சு. அறிவரசன் எறங்கிக் குனிஞ்சு பாத்தான். நேரா டீக்கடைக்குள்ள போனான்.

"அண்ணே, மேட்டை ஒரு ஓரமா மட்டும் லேசாச் செதுக்கி விட்டுரட்டுமா?"

அய்யம்பெருமாள் டீ ஆத்துறதை நிறுத்தல. "எதுக்கு தம்பி?"

"கார் தட்டுதுண்ணே."

"நீ போட்டதுதானே, செதுக்கிக்க. எம்புள்ளைக்காகப் போட்டதுன்னு நான்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அதுக்கு மேல ஒருத்தன் அந்தப் பேச்சை எடுப்பானா? எடுக்கல. வேற வழி கண்டுபுடிச்சான். பக்கத்துல உக்காந்த ஆளை எறக்கிவிட்டா கார் ஒரு வெரக்கடை ஒசரும். அப்ப வண்டியக் கோணலா வளைச்சு, ஒரு சக்கரம் ஒரு சக்கரமா ஏத்தி எறக்குனா தட்டாது. அதுலேர்ந்து அதுவே வழக்கமாச்சு. மேடு வந்ததும் சித்ரா எறங்குவா, பத்தடி நடப்பா, அந்தப் பக்கம் நின்னு ஏறிக்குவா. போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை. கல்யாணத்துக்குப் போனாலும் பட்டுப்பொடவையோட எறங்குவா, மழை பேஞ்சாலும் எறங்குவா. டீக்கடையில உக்காந்திருக்கிறவங்க, "மகாராணி எறங்கிட்டாங்கப்பா"ன்னு கேலி பேசுவாங்க. அவளும் சிரிச்சுட்டுத்தான் போவா. வூட்டுக்காரனுக்கு அதுல ஒரு சந்தோஷம், இருந்துட்டுப் போகட்டும்னு நெனைச்சா.

கார் வந்த ரெண்டாவது வருஷம், பொங்கல் முடிஞ்ச கையோட, சித்ராவுக்கு நாள் தள்ளிப்போச்சு. நம்பவே இல்ல ரெண்டு பேரும். மூணு தடவை டெஸ்ட் எடுத்துப் பாத்தாங்க. உண்டாயிருக்கான்னு பெரம்பலூர் டாக்டரம்மா சொன்னதும் அறிவரசன் ஆஸ்பத்திரி வராண்டாவுல குந்தி உக்காந்து, துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு ஓன்னு அழுதான். அன்னைக்குச் சாயங்காலமே அவன்தான் சொன்னான், "இந்தக் காரைக் குடுத்துட்டு நல்ல குடும்பக் காரா ஒண்ணு எடுத்துருவோம் சித்ரா"ன்னு. யாரும் கேக்கல. அவனாத்தான் சொன்னான்.

பெரம்பலூர்ல மீரான் பாய்கிட்ட போனாங்க. அவரு லப்பைக்குடிக்காட்டுக்காரரு, இருபது வருஷம் துபாயில வண்டி ஓட்டிட்டு வந்து பழைய கார் கடை போட்டவரு. சித்ராவைப் பாத்ததுமே நாற்காலியை எடுத்துப் போட்டாரு. "மாஷா அல்லாஹ், நல்ல சேதி தம்பி. இப்பத்தான் உங்களுக்குப் புத்தி வந்திருக்கு"ன்னாரு. வெள்ளையா ஒரு செடான் காருக்கிட்ட கூட்டிட்டுப் போயி நாலு கதவையும் தொறந்து காட்டுனாரு. "அஞ்சு பேரு தாராளமா உக்காரலாம். டிக்கியில தொட்டில், துணிமணி, எல்லாம் போவும். என் மக மர்ஜியாவை ரெண்டு பிரசவத்துக்கும் இந்த மாதிரி வண்டியிலதான் கொண்டுபோனேன். காருக்குக் கார் மாத்திக்குவோம், மேல ஒண்ணும் பேச வேணாம்."

சித்ரா பின்சீட்டுல ஏறி, செருப்பைக் கழட்டிட்டு, காலை நீட்டி உக்காந்து பாத்தா. "ஏங்க, இதுல படுத்துக்கக்கூட செய்யலாம்ங்க"ன்னா. அந்த மொகத்தைப் பாத்தாவது அன்னைக்கே சாவியை மாத்தியிருக்கணும். "பாத்துச் சொல்றேன் பாய்"னு சொல்லிட்டு வந்துட்டான்.

அன்னைக்குத் தொடங்குச்சு வெனை. அஞ்சாவது மாசம் வரட்டும்னான். அஞ்சு வந்துச்சு. லாரி ஒண்ணுக்கு எப்.சி. பாக்கணும், அது முடியட்டும்னான். முடிஞ்சுச்சு. வளைகாப்பு ஆகட்டும்னான். ஆனியில வளைகாப்பும் ஆச்சு. தாய்வூட்டுக்குப் போக வேண்டிய பொண்ணை, பூலாம்பாடிக்குப் போனா டாக்டரம்மாகிட்ட வந்து போறது இன்னும் தூரம்னு சொல்லி இங்கயே வெச்சுக்கிட்டாங்க. செங்கமலம் மூட்டை முடிச்சோட மக வூட்டுக்கு வந்துட்டா.

அவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு அவன் யாருகிட்டயும் சொல்லல. கார் மேல ஆசைதான், இல்லன்னு சொல்ல முடியாது. ஞாயித்துக்கெழமை காலையில, திருச்சி ரோட்டுல வண்டி இல்லாத நேரமாப் பாத்து, வாலிகண்டபுரம் தாண்டி ஒரு அழுத்து அழுத்துவான். அந்த வேகத்துல எந்தச் சொந்தக்காரனும் "விசேஷம் உண்டா"ன்னு கேக்க மாட்டான். ஆனா ஆசை மட்டும் இல்ல. அடியில ஒரு பயம் இருந்துச்சு. புள்ளை நிக்கலன்னா? காரையும் குடுத்துட்டு, புள்ளையும் இல்லாம, அஞ்சு சீட்டு வண்டியில ரெண்டு பேரா உக்காந்து ஊருக்குள்ள போறதை அவனால நெனச்சுப் பாக்கவே முடியல. புள்ளை கையில வந்துரட்டும், அப்புறம் குடுப்போம்னு உள்ளுக்குள்ள ஒரு கணக்கு. சீ, இப்படியும் ஒரு அப்பன் நெனைப்பானான்னு தன்னையே திட்டிக்குவான். திட்டிக்கிட்டே நாளையும் தள்ளுவான்.

ஏழாவது மாசத்துல டாக்டரம்மா ஸ்கேனைப் பாத்துட்டு மொகம் மாறுனாங்க. "நஞ்சுக்கொடி ரொம்பக் கீழ எறங்கியிருக்கு. இவங்க குலுங்கக் கூடாது. வர்றப்ப பின்சீட்டுல படுக்க வெச்சுக் கூட்டிட்டு வாங்க. ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமசம் பண்ணாதீங்க"ன்னாங்க. சரிங்க மேடம், சரிங்க மேடம்னு தலைய ஆட்டுனான். ஆஸ்பத்திரி வாசல்ல வந்து பின்சீட்டே இல்லாத காரோட கதவைத் தொறந்துவிட்டான்.

அந்தக் கார்ல ஏறுறதும் எறங்குறதும் புள்ளைத்தாச்சிக்கு என்ன பாடுன்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். தரையோட தரையா இருக்கிற சீட்டு. ஒரு கையைக் கதவுல குடுத்து, ஒரு கையை அவன் புடிச்சு இழுக்க, ரெண்டு மூணு தடவை எத்தனிச்சுத்தான் எந்திரிப்பா. மேட்டுல எறங்கி, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, பத்தடி நடந்து, மறுபடியும் அந்தக் குழிக்குள்ள உக்காருவா. இப்ப டீக்கடையில யாரும் மகாராணின்னு கேலி பேசறதில்ல. அய்யம்பெருமாள் ஒருநாள் ஸ்டூலைக் கொண்டாந்து ரோட்டோரம் போட்டாரு. "கொஞ்சம் உக்காந்துட்டுப் போ தாயி"ன்னாரு.

"ஏங்க, அடுத்த தடவை வாடகைக் காரு சொல்லிருவோமா?"ன்னு சித்ரா கேட்டா.

"வூட்டுல காரை வெச்சுக்கிட்டு வாடகைக் காரா? ஊரு சிரிக்காது?"

"அப்ப மீரான் பாய்கிட்ட போயி மாத்திட்டு வந்துருங்க."

"ஆடி பொறந்துருச்சே சித்ரா. ஆவணி முதல் முகூர்த்தத்துல மாத்திருவோம்."

அவ அவனை ஒரு பார்வை பாத்தா. "ஆடியில வாங்குன காரைத்தானே ஆடியில மாத்தச் சொல்றேன்."

"அன்னைக்கு நம்மகிட்ட போறதுக்கு என்ன இருந்துச்சு? இன்னைக்கு வயித்துல இருக்குல்ல"ன்னான். செங்கமலமும், "மாப்ள சொல்றதும் சரிதான்டி, ஒரு மாசம்தானே"ன்னுட்டா. புள்ளைக்குன்னு ஒரு சட்டைகூட முன்கூட்டியே வாங்க வுடாதவ அவ. மாமியாளே சொல்லிட்டாங்கன்னு மருமகன் அந்தப் பேச்சைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டான்.

மீரான் பாய் வுடற ஆளு இல்ல. ஆடிப் பதினெட்டுக்கு மொத நாள் போன் போட்டாரு. "தம்பி, நாளைக்கு ஆடிப்பெருக்கு. உங்க ஆளுங்க நகைநட்டு வாங்குறதே அன்னைக்குத்தானே? காலையில வந்துருங்க. வண்டிய யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்." இதுக்கு மேல என்ன சாக்கு சொல்றது? வரேன் பாய்னுட்டான்.

மறுநாள் சித்ரா தலைக்குக் குளிச்சு, கழுத்துல புது மஞ்சக் கயிறு மாத்தி, புதுக் கார் டயருக்கு வெக்க நாலு எலுமிச்சம்பழம் எடுத்துப் பையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. அறிவரசன் காரைக் கழுவித் தொடைச்சான். "கடைசியா ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன் சித்ரா, அரை மணி நேரம்"னான். கொள்ளிடக்கரை வரைக்கும் போனான். பெருக்குக் கூட்டம். சின்னப் பசங்க காரைச் சுத்தி நின்னு போட்டோ எடுத்தாங்க, "அண்ணே ஒரு தடவை ஆக்சிலேட்டரை அழுத்துங்கண்ணே"ன்னாங்க. அழுத்துனான். அப்படியே பொழுது சாஞ்சு போச்சு. வூட்டுக்கு வந்து, "கூட்டத்துல மாட்டிக்கிட்டேன்"னான். சித்ரா எலுமிச்சம்பழத்தை எடுத்து பிரிட்ஜுல வெச்சுட்டுப் போயி படுத்துட்டா.

மூணு நாள் போச்சு. ஆடி இருபத்தொண்ணு, காலையில பதினோரு மணி இருக்கும். அறிவரசன் வாசல்ல காரு மேல படிஞ்ச சுண்ணாம்புத் தூசியத் துடைச்சுக்கிட்டிருந்தான். உள்ளேர்ந்து செங்கமலம் கத்துனா. "மாப்ள! ஓடியாங்க!"

சித்ரா சமையக்கட்டு நெலையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. காலடியில ரத்தம். வலியே இல்லங்க, வலியே இல்லங்கன்னு அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னா.

"நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க மாப்ள."

"அது வர்றதுக்குள்ள நான் பெரம்பலூர்லயே இருப்பேன் அத்தை. இந்த வண்டிய விட வேகமா எது போவும்?" அவன் வாயிலேர்ந்துதான் வந்துச்சு இது.

அவளைத் தூக்கிட்டு வந்து சீட்டுல வெச்சான். அந்தச் சீட்டு சாயாது. முட்டி ரெண்டும் வயித்தை இடிக்க, மடங்கி உக்காந்தா. செங்கமலம் பழைய பொடவை ரெண்டைச் சுருட்டி எடுத்துக்கிட்டு ஓடியாந்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தா. "நான் எங்க உக்கார்றது?"ன்னா. பொடவையை மக மடியில திணிச்சுட்டு நின்னுட்டா. "பஸ் புடிச்சு வாங்க அத்தை"ன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தான்.

ஒண்ணரை கிலோமீட்டர்ல மேடு வந்துச்சு. தூரத்துலயே பாத்துட்டா சித்ரா. "ஏங்க, நிறுத்துங்க, நான் எறங்கிக்கிறேன்"னா. கை கதவுக்குப் போயிருச்சு. ரத்தம் சீட்டு பூரா ஊறிக் கெடக்கு, இவ எறங்கி நடக்கறேங்கிறா. "வேணாம், உக்காரு, உக்காருடி"ன்னு கத்துனான். கோணலா வளைச்சு ஏத்த எடமில்ல, எதுத்தாப்ல லாரி வந்துக்கிட்டிருந்துச்சு. நேரா விட்டான். அடியில டமார்னு ஒரு சத்தம். கார் ஒரு தடவை தூக்கிப்போட்டுச்சு. அதுவரைக்கும் வலியில்லன்னு சொன்னவ அம்மான்னு அலறுனா.

டீ கிளாஸோட வெளிய வந்த அய்யம்பெருமாள் ரோட்டைப் பாத்தாரு. மேட்டுலேர்ந்து கார் போன பக்கமா கருப்பா ஒரு கோடு. இஞ்சின் ஆயில் நிக்கிற சேம்பர் ஒடைஞ்சிருந்துச்சு.

நாலு லாரி ஓட்டுற அறிவரசனுக்கு, காருக்குள்ள எரிஞ்ச ஆயில் செவப்பு வெளக்கு என்ன சொல்லுதுன்னு தெரியாதா? தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டுனான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நாலு கிலோமீட்டர் ஓட்டுனான். சுரங்கத்து வேலியோரம் இஞ்சின் ஒரு மொனகல் மொனகிட்டு இறுகிப்போச்சு. அவ்வளவுதான், சாவியத் திருப்பிப் பாத்தான், அசையல. வெயிலு கொளுத்துது. சித்ரா உதட்டுல ரத்தமே இல்ல. போன் போட எடுத்தான், அவசரத்துல அது கைநழுவிக் கீழ வுழுந்துச்சு.

அந்த நேரம் பாத்து வந்த டிப்பர் அவனோடதே. டிரைவர் முத்துவேல் குதிச்சு எறங்கி வந்தான். ரெண்டு பேருமா அவளைக் காருக்குள்ளேர்ந்து தூக்குனாங்க. கார் சீட்டு முழங்காலுக்கும் கீழ, லாரி கேபின் தலைக்கும் மேல. ஏணிப்படியில ஏத்தப் பாத்தாங்க, அவ போட்ட சத்தத்துல முத்துவேல் கைய எடுத்துட்டான். நாலு லாரி வெச்சிருந்தான், ஊரே பாக்குற காரு வெச்சிருந்தான், பொண்டாட்டிய படுக்க வெக்க ஒரு வண்டி அவன்கிட்ட இல்ல.

ஆயில் கோட்டைப் புடிச்சுக்கிட்டே அய்யம்பெருமாள் வந்து சேந்தாரு. வந்தது தண்ணி கேன் ஏத்துற லோடு ஆட்டோவுல. கேனையெல்லாம் கடை வாசல்லயே உருட்டிவிட்டுட்டு, கடைக்குள்ள கெடந்த சாக்கை விரிச்சுக்கிட்டு வந்திருந்தாரு. மூணு பேருமா அவளைப் படுக்க வெச்சாங்க. அறிவரசன் தலைமாட்டுல உக்காந்து மடியில தாங்கிக்கிட்டான். பெரம்பலூர் வர்ற வரைக்கும் அய்யம்பெருமாள் வண்டிய ஒரு குழியில எறக்கல. "வந்துருச்சாங்க?"ன்னு சித்ரா ரெண்டு தடவை கேட்டா. அதுக்கப்புறம் கேக்கல.

அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தாக்கூடன்னு டாக்டரம்மா ஆரம்பிச்சாங்க, அவன் மொகத்தைப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டாங்க. பொம்பளைப் புள்ளை. தலைமுடி நெறைய இருந்துச்சு. தாயைக் காப்பாத்தணும்னா கர்ப்பப்பையை எடுத்தாகணும்னு ஒரு பேப்பரைக் கொண்டாந்து நீட்டுனாங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டு அங்கயே போட்டான்.

பஸ் புடிச்சு, ஆட்டோ புடிச்சு செங்கமலம் வந்து சேர்றப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. அவ கத்தல. மருமகனைத் திட்டவும் இல்ல. "புள்ளைய யாராச்சும் தூக்குனீங்களா?"ன்னு மட்டும் கேட்டா. "நான் தூக்குனேன் அத்தை"ன்னான். சாயங்காலம் அய்யம்பெருமாள் அவன் தோள்ல கைய வெச்சாரு. "எம்புள்ளை பக்கத்துலயே வெச்சுருவோம் தம்பி. அவளும் தனியாத்தான் கெடக்கா"ன்னாரு. அப்பத்தான் அறிவரசன் ஒடைஞ்சான். அவரு காலைக் கட்டிக்கிட்டு, "நான் போட்ட மேடுண்ணே, நான் போட்ட மேடு"ன்னு கதறுனான். "மேடு என்னடா பண்ணும்?"னு அவரு கேட்டாரு.

ஒம்போது நாள் கழிச்சு டிஸ்சார்ஜ்னு சொன்னாங்க. அன்னைக்குக் காலையில அறிவரசன் மீரான் பாய் கடைக்குப் போனான். காரை ஏற்கெனவே கட்டி இழுத்துட்டு வந்து கடை ஓரமா நிறுத்தியிருந்தாங்க. ஆடி முப்பது. இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா ஆவணி. மாசத்தைப் பத்தி யாரும் வாயத் தொறக்கல.

"இஞ்சின் போச்சு பாய். இது பேரத்துக்கு ஆகாது"ன்னான்.

"பேரம் பேசவா வந்தீங்க? இந்தாங்க"ன்னு செடான் சாவியக் கையில வெச்சு, அவன் கையையும் சேத்துப் புடிச்சுக்கிட்டாரு. "அன்னைக்கே நான் வண்டியக் கொண்டாந்து உங்க வாசல்ல வுட்டுட்டுப் போயிருக்கணும் தம்பி. என் தப்பும் இருக்கு"ன்னாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. எலுமிச்சம்பழம் இல்லாம, சூடம் இல்லாம, புதுக் கார் ரோட்டுல எறங்குச்சு.

ஆஸ்பத்திரி வாசல்ல பின்கதவைத் தொறந்துவிட்டான். சித்ரா ஏறுனா, செங்கமலம் பக்கத்துல உக்காந்தா. நடுவுல ஒரு ஆள் உக்கார்ற அளவுக்கு எடம் கெடந்துச்சு. "படுத்துக்கிறியா சித்ரா?"ன்னான். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. வழியெல்லாம் கண்ணாடியில அவளைப் பாத்துக்கிட்டே ஓட்டுனான். எந்தக் குழியும் தெரியல, எந்தச் சத்தமும் கேக்கல. அவ்வளவு நல்ல வண்டி.

மேடு வந்துச்சு. அறிவரசன் பிரேக்கை மெதுவா அழுத்தி, முதல் கியருக்கு மாத்துனான். பின்னாடி கதவு தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள சித்ரா ஒரு காலை ரோட்டுல வெச்சுட்டா. ஆப்பரேஷன் பண்ண வயித்தை ஒரு கையால தாங்கிக்கிட்டு, இன்னொரு கையால கதவைப் புடிச்சு எந்திரிச்சா.

"சித்ரா, இந்த வண்டி தட்டாது. ஏறும்மா. இது தட்டாதும்மா."

"எறங்கிப் பழகிடுச்சுங்க. நீங்க போங்க"ன்னா. கோவமா சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னா.

கடைக்குள்ளேர்ந்து அய்யம்பெருமாள் எந்திரிச்சு நின்னாரு. சித்ரா மேட்டுல ஏறி எறங்குனா. கார் அவ பின்னாடியே ஏறி, ஒரு பொட்டு ஒரசாம எறங்குச்சு. எப்பவும் அவ ஏறிக்கிற எடத்துல அறிவரசன் நிறுத்துனான். கையை நீட்டிப் பின்கதவைத் தொறந்தான். அவ கதவைத் தாண்டி நடந்தா. வூடு இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர். செங்கமலம் துணிப்பையை எடுத்துக்கிட்டு, மருமகனை ஏறெடுத்தும் பாக்காம எறங்கிப்போயி மகளோட சேந்துக்கிட்டா.

ரெண்டு பேரும் ரோட்டோரமா நடந்தாங்க. அறிவரசன் முதல் கியர்லயே பின்னாடி போனான். தொறந்த கதவு அப்படியே ஆடிக்கிட்டு வந்துச்சு. பின்னால வந்த டிப்பர் ஹாரன் அடிச்சுது. அவன் வழி வுடல.